தூரம் 383 கிலோமீட்டர், நேரம் எவ்வளவு? வடகோடியின் இரண்டு ஊர்களை வைத்து ஒரு கணக்கு

கனடாவின் வடகோடியில் ரெசொல்யூட் என்றொரு ஊர், கிரீஸ் ஃபியோர்ட் என்றொரு ஊர். இரண்டுக்கும் நடுவே விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 383 என்று வரும், இன்னோரிடத்தில் 238, வேறோரிடத்தில் 207. மூன்றும் சரிதான். முதல் எண் கிலோமீட்டர், இரண்டாவது சாலைகளில் எழுதியிருக்கும் சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு ஒரு நாட் என்று பெயர். விமானத்தின் வேகம் நாட்டில் இருக்க, தூரத்தைச் சாதாரண மைலில் எடுத்து வகுத்துவிட்டு, விடை ஏன் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அதிகமாக வருகிறது என்று குழம்புவோர் பலர். அதனால் முதலிலேயே ஓர் அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கெல்லாம் கடல் மைலில்தான். தேவைப்படும் இடத்தில் கிலோமீட்டரும் வரும்.

இந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தூரமும் நேரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதெல்லாம் இந்த ஒரே வழித்தடத்தில் அப்பட்டமாகத் தெரியும். தெற்கே நூறு கிலோமீட்டருக்கு ஒரு விமான நிலையம் இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டு ஊர்கள்

இரண்டும் நுனாவுட் பிரதேசத்தைச் சேர்ந்தவை. ரெசொல்யூட் கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. இந்த வடகோடியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் அதைக் கௌசுயிட்டுக் என்கிறார்கள், விடியாத இடம் என்று பொருள். கிரீஸ் ஃபியோர்ட் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. அதன் இனூயிட் பெயர் அவுயுயிட்டுக், பனி உருகாத இடம். கனடாவில் பொதுமக்கள் குடியிருக்கும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறு எதுவும் இல்லை. கிரீஸ் என்ற பெயருக்கும் ஐரோப்பாவின் கிரீஸ் நாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அது நார்வே மொழியில் பன்றியைக் குறிக்கும் சொல். 1898-1902 பயணத்தில் இங்கே வந்த நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப்பின் குழு வைத்த பெயர் இது. வால்ரஸ்களின் உறுமல் அவர்களுக்குப் பன்றிச் சத்தமாகக் கேட்டதாம்.

ஒவ்வோர் ஊரிலும் இருநூறு பேருக்கும் குறைவாகவே இருக்கிறார்கள். 1953 முதல் கனடா அரசு வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனூயிட் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தியது. அதற்காக 2010-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இனுக்ஜுவாக்கிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு நேர்க்கோட்டிலேயே சுமார் 2,000 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் தூரம் என்ற சொல்லுக்கு அந்தக் கனமும் சேர்ந்தே இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே சாலை கிடையாது. வெலிங்டன் கால்வாய் எனப்படும் கடற்பகுதி, டெவன் தீவு, ஜோன்ஸ் நீரிணை என்று வரிசையாகக் குறுக்கே கிடக்கின்றன. டெவன் தீவு உலகிலேயே மக்கள் வசிக்காத தீவுகளில் மிகப் பெரியது. விமானப் பாதை அதன் வட பாதிக்கு மேலாகப் போகிறது. விண்கல் விழுந்து உண்டான ஹாட்டன் பள்ளம் பாதைக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது. செவ்வாய்க் கோளில் செய்யப்போவதை ஒத்திகை பார்க்க ஆய்வாளர்கள் வந்து கூடாரம் போடும் இடம் அது. வழியில் இறங்கி நிற்க ஓர் ஊர் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள், எரிபொருள் கணக்கில் இது திரும்பவும் வரும்.

வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது

விமான நிலையங்களின் இருப்பிடம் ஏறத்தாழ இப்படி (இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு): ரெசொல்யூட் வடக்கு 74 டிகிரி 43 நிமிடம், மேற்கு 94 டிகிரி 58 நிமிடம். கிரீஸ் ஃபியோர்ட் வடக்கு 76 டிகிரி 26 நிமிடம், மேற்கு 82 டிகிரி 54.5 நிமிடம். தீர்க்கரேகையில் மட்டும் 12 டிகிரிக்கு மேல் வித்தியாசம். நிலநடுக்கோட்டில் 12 டிகிரி என்றால் 1,300 கிலோமீட்டரைத் தாண்டும். இங்கே அது வெறும் 330 சொச்சம்.

காரணம் எளிது. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒரே புள்ளியில் கூடுகின்றன. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் பாருங்கள், நடுவில் அகலம், மேலே போகப் போக ஒடுங்கும். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 60 கடல் மைல் அகலம். அட்சரேகை ஏற ஏற அந்த அகலம் அந்த அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கினால் வரும் அளவுக்குச் சுருங்கும். 75 டிகிரிப் பக்கம் கொசைன் ஏறத்தாழ 0.25. ஆக ஒரு டிகிரி 15 கடல் மைல்தான்.

இணையத்தில் நாம் தினமும் பார்க்கும் தட்டை வரைபடம் இந்த ஒடுக்கத்தைக் காட்டாது. மெர்கேட்டர் முறையில் தீர்க்கரேகைகளை இணைகோடுகளாகவே வரைந்துவிடுகிறார்கள். இழுத்த இழுப்பில் இந்த அட்சரேகையில் எல்லாம் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். திரையின் ஓரத்திலிருக்கும் அளவுகோலை நிலநடுக்கோட்டுப் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, அதே அளவை விரலால் வடக்கே நகர்த்தி அளந்தால் 383 கிலோமீட்டர் ஆயிரத்து ஐந்நூறு ஆகிவிடும்.

கையால் போடும் கணக்கு

சாதாரணக் கால்குலேட்டரில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. முதலில் நிமிடங்களைத் தசமமாக்குங்கள். 43 நிமிடம் என்றால் 43-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 0.717 வரும். எனவே ரெசொல்யூட்டின் அட்சரேகை 74.717. மற்றவற்றையும் இதே போல மாற்றினால் தீர்க்கரேகை 94.97. கிரீஸ் ஃபியோர்டுக்கு 76.43, 82.91.

அட்சரேகை வித்தியாசம் 1.71 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்று பெருக்கினால் 102.6. இதுதான் வடக்கு நோக்கிப் போக வேண்டிய தூரம்.

தீர்க்கரேகை வித்தியாசம் 12.06 டிகிரி. அதை 60-ஆல் பெருக்கி, இரண்டு ஊர்களின் நடு அட்சரேகையான 75.57-இன் கொசைனால், அதாவது 0.249-ஆல், மறுபடியும் பெருக்குங்கள். 180.2 வரும். இது கிழக்கு நோக்கிய தூரம்.

இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 102.6-இன் வர்க்கத்தையும் 180.2-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 207 கடல் மைல். 1.852-ஆல் பெருக்க, சுமார் 384 கிலோமீட்டர். பூமியைக் கோளமாகக் கொண்டு முறையாகக் கணக்கிட்டால் 383.4. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் குறுக்குவழி தாராளமாகப் போதும். துருவத்தை ஒட்டி 85 டிகிரிக்கு மேலே போனாலோ, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றாலோ இதை நம்பாதீர்கள்.

முறையான சூத்திரம் வேண்டுவோருக்கு: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது இரு ஊர்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தின் கொசைன். இங்கே அது 0.99819. தலைகீழ்க் கொசைன் எடுத்தால் 3.45 டிகிரி, 60-ஆல் பெருக்கினால் 207. இதில் ஒரு கண்ணி உண்டு. 0.99819-ஐ மூன்று தசம இடத்துக்குச் சுருக்கி 0.998 என்று எழுதிவிட்டால் விடை 217 ஆகிவிடும். கோணம் சிறிதாக இருக்கும்போது கொசைன் 1-ஐ ஒட்டியே நிற்கும், கடைசித் தசமங்களில்தான் தூரம் முழுதும் ஒளிந்திருக்கிறது. குறைந்தது ஆறு இலக்கமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பிழைகள் இன்னும் சாதாரணமானவை. 74 டிகிரி 43 நிமிடத்தை அப்படியே 74.43 என்று தட்டினால் ஊர் 32 கிலோமீட்டர் தெற்கே போய்க் கடலில் விழும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் குறி கழித்தல். இரண்டு ஊர்களுக்குமே கழித்தல் குறியை மறந்தால் தூரம் சரியாகவே வரும், ஆனால் வரைபடத்தில் ரெசொல்யூட் சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு மட்டும் மறந்தால் பாதை துருவத்துக்கு மேலாகப் போய் 3,200 கிலோமீட்டர் காட்டும். கொசைனால் பெருக்குவதையே மறந்தால் 1,350 கிலோமீட்டர். எந்தத் தவறுக்கு எந்த எண் வரும் என்று தெரிந்திருந்தால், விடையைப் பார்த்தவுடனேயே எங்கே தவறினோம் என்று பிடித்துவிடலாம். எக்செல் போன்ற விரிதாளில் போடுவோர் டிகிரியைக் கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதை மறந்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்

இரண்டு புள்ளிகளுக்கு இடையே உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பந்தின் மேல் நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் படியும் பாதை அது. நீண்ட பயணங்களில் இதைப் பெரிதாகப் பேசுவார்கள். நம் வழித்தடத்தில் இதனால் மிச்சமாகும் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தூரத்துக்காக அலட்டிக்கொள்ளத் தேவையில்லை.

திசைக்காக அலட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ரெசொல்யூட்டிலிருந்து கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து 55 டிகிரி திசையில் மூக்கை வைக்க வேண்டும். கிரீஸ் ஃபியோர்டைத் தொடும்போது அதே பாதையின் திசை 66 டிகிரி. விமானம் நேராகத்தான் போகிறது. கீழே தீர்க்கரேகைகள் சாய்ந்துகொண்டே வருவதால் வடக்கு என்பதே நகர்ந்துகொண்டிருக்கிறது. புறப்பட்டபோது இருந்த 55-ஐயே கடைசிவரை பிடித்தால், 383 கிலோமீட்டர் முடிவில் ஊருக்கு வடமேற்கே 38 கிலோமீட்டர் தள்ளி, எல்ஸ்மியர் மலைகளுக்கு மேல் போய் நிற்போம். இந்த மாற்றத்தை மனக்கணக்காகவும் போடலாம். தீர்க்கரேகை வித்தியாசத்தை நடு அட்சரேகையின் சைனால் பெருக்குங்கள், 12.06 பெருக்கல் 0.968, ஏறத்தாழ 11.7 டிகிரி.

காந்த ஊசி இங்கே உதவாது. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்தத் துருவத்தைக் கண்டது இவ்விடத்துக்குத் தெற்கே, பூத்தியா தீபகற்பத்தில். அதன்பின் அது இத்தீவுகளின் ஊடாகவே வடக்கே நகர்ந்து இப்போது சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. துருவத்துக்கு அருகில் காந்தப்புலம் பெரும்பாலும் கீழ்நோக்கியே இழுப்பதால் ஊசி தள்ளாடும். எனவே கனடாவின் வடக்கு வான்பரப்பில் எல்லாத் திசைகளும், ஓடுபாதை எண்கள் உட்பட, உண்மை வடக்கை வைத்தே சொல்லப்படுகின்றன. ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசொல்யூட்டில் இறங்க வந்த ஒரு போயிங் 737 ஓடுபாதைக்குக் கிழக்கே குன்றில் மோதி, இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த பல காரணங்களில் ஒன்று, இறங்கத் தொடங்கும்போது திசைகாட்டி அமைப்பு 8 டிகிரி பிசகாக வைக்கப்பட்டிருந்தது.

வேகமும் காற்றும்

ரெசொல்யூட்டின் ஓடுபாதை சரளை போட்டது, நீளம் சுமார் 2 கிலோமீட்டர். கிரீஸ் ஃபியோர்டிலோ 600 மீட்டர்கூட இல்லை, அதுவும் சரளை, ஒரு பக்கம் மலை. அங்கே இறங்கக்கூடிய விமானம் என்று பார்த்தால் ட்வின் ஆட்டர் வகைதான். இரண்டு டர்போப்ராப் எஞ்சின், அதிகபட்சம் 19 இருக்கை, கனமான நிலைச்சக்கரம், தேவைப்பட்டால் பனிச்சறுக்குக் கட்டை. சக்கரத்தை உள்ளே மடக்க முடியாது. காற்றழுத்தம் கட்டிய கேபின் கிடையாது என்பதால் பொதுவாகப் பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறக்கும். ஆகவே இந்த வழித்தடத்தின் வேகத்தைக் கடைசியில் ஓடுபாதையின் நீளம் தீர்மானித்துவிடுகிறது.

ட்வின் ஆட்டரின் பயண வேகத்தை 150 நாட் என்று வைப்போம். 207-ஐ 150-ஆல் வகுத்தால் 1.38 மணி. இதை ஒரு மணி 38 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள். 0.38-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும், 23 நிமிடம். ஆக 1 மணி 23 நிமிடம். காற்றே இல்லாத நாளுக்கான கணக்கு இது, அப்படிப்பட்ட நாள் அங்கே அபூர்வம்.

விமானத்தின் 150 நாட் என்பது அதைச் சூழ்ந்திருக்கும் காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே நகர்ந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் மாறும். ஆற்றில் படகு விடுவது போலத்தான். எதிரே 30 நாட் காற்று வீசினால் தரைவேகம் 120, நேரம் 1 மணி 44 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 180, நேரம் 1 மணி 9 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். காற்றில்லாத நாளில் போய்வர 166 நிமிடம், 30 நாட் காற்றடிக்கும் நாளில் 173. எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அதற்குள் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறது, பின்காற்றின் தயவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் போய்வரும் மொத்த நேரம் கூடத்தான் செய்யும்.

நேர் குறுக்கே வீசும் 30 நாட் காற்று? விமானம் பாதையை விட்டு நகராமலிருக்க மூக்கைக் காற்றின் பக்கம் 11.5 டிகிரி திருப்பிக்கொண்டு, நண்டு போலச் சாய்ந்து போகும். தரைவேகம் 147 நாட்டாகக் குறையும். நேரத்தில் ஒன்றரை, இரண்டு நிமிடம்தான் கூடும். குறுக்குக் காற்று பறக்கும்போது பெரிய எதிரியல்ல. இறங்கும்போதுதான் வம்பு, அதுவும் மலையடிவாரத்துக் குட்டை ஓடுபாதையில்.

பறக்கும் நேரமும் பயணச்சீட்டின் நேரமும்

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் சக்கரம் நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும் வரை. அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்காக வட்டமடித்து வரிசைக்கு வருவது எல்லாம் அடக்கம். ட்வின் ஆட்டர் மேலேறும்போது சுமார் 100 நாட்டில்தான் நகரும், பத்து நிமிட ஏற்றத்தில் மூன்று நான்கு நிமிடம் போய்விடும். மொத்தமாகப் பத்து முதல் பதினைந்து நிமிடம் சேர்த்து 1 மணி 35 நிமிடம் என்று எடுத்துக்கொள்வது நியாயமான கணக்கு. பெரிய விமான நிலையங்களில் இந்தச் சேர்ப்பு அரை மணிக்கு மேல் போகும். இங்கே ஓடுபாதையில் வரிசை கட்டி நிற்க வேறு விமானம் ஏது?

குறைந்த தூரத்தில் இந்தப் பதினைந்து நிமிடம் கூடுதலாக உறுத்தும். அதனால்தான் வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்துத் தரும் இணையக் கணிப்பான்கள் சின்ன வழித்தடங்களில் அதிகம் பிசகுகின்றன. சில கணிப்பான்கள் எல்லா வழித்தடத்துக்கும் ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800, 850 கிலோமீட்டரை வைத்துக்கொள்கின்றன. அவற்றைக் கேட்டால் ரெசொல்யூட் - கிரீஸ் ஃபியோர்ட் அரை மணிப் பயணம் என்று கூசாமல் சொல்லும். ஜெட் எதுவும் கிரீஸ் ஃபியோர்டில் இறங்கவே முடியாது. கணிப்பான் என்ன வேகத்தை வைத்திருக்கிறது என்று பார்க்காமல் அதன் நேரத்தை எடுக்காதீர்கள்.

பெட்டியை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்

தூரம் பயணியைத் தொடும் இடம் இதுதான். கிரீஸ் ஃபியோர்டுக்கு மேலே போய்ச் சேர்ந்தபின் மூடுபனி ஓடுபாதையை மறைத்துவிட்டால் என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் மாற்று நிலையம் வேண்டும். ரெசொல்யூட் 207 கடல் மைல். தெற்கே ஆர்க்டிக் பே 208. வடக்கே யுரேகா வானிலை நிலையம் ஏறத்தாழ 217. பாண்ட் இன்லெட் 238. எந்தப் பக்கம் திரும்பினாலும் இருநூறுக்கு மேல்தான். ஆக நடைமுறையில் போய், இறங்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எரிபொருள் வேண்டும். அதற்கு மேல் சேமிப்பாக 45 நிமிடம்.

போக 83 நிமிடம், வர 83 நிமிடம், ஏற்ற இறக்கத்துக்கு 20, சேமிப்பு 45. கூட்டினால் 231 நிமிடம், கிட்டத்தட்ட 3 மணி 50 நிமிடம். ட்வின் ஆட்டர் மணிக்குச் சுமார் 340 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 1,300 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ வீதம் 1,040 கிலோ. விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. வெற்று விமானமும் அதன் சாமான்களும் 3,500, இரண்டு விமானிகள் 180 என்று உத்தேசமாகக் கழித்தால் பயணிக்கும் சரக்குக்கும் மிஞ்சுவது 950 கிலோ. குளிர்கால உடை, பூட்ஸ், பெட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 110 கிலோ என்றால் எட்டுப் பேர். இருக்கை 19 இருந்தும் எட்டுப் பேர்தான். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் இன்னும் ஐம்பது, நூறு லிட்டர் ஏற்ற வேண்டும், அந்த எடைக்கு ஒரு பெட்டி கீழே இறங்கும். கடைசி இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வலையால் கட்டிய பால் அட்டைகளும் காய்கறிப் பெட்டிகளும் போவது வடக்கில் சகஜம். கப்பல் வருவது ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் கடைசியில்தான். கெட்டுப்போகும் சாமானெல்லாம் வானத்தில்தான் வந்தாக வேண்டும்.

வானிலை காலத்துக்கேற்ப வேறு வேறு விதமாகத் தடுக்கும். கோடையில் கடல்பனி உடைந்து நீர் திறக்கும்போது மூடுபனி. குளிர்காலத்தில் தரையோடு பறக்கும் பனித்தூள், அதில் ஓடுபாதையின் விளிம்பே தெரியாது. ரெசொல்யூட்டில் நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில்தான் மறுபடி தலைகாட்டும், கிரீஸ் ஃபியோர்டில் இருட்டு இன்னும் நீளம். தெளிவான வானம் இருந்தும் காற்றுக்காக ரத்தாகும் நாட்களும் உண்டு.

கடிகாரம் செய்யும் குறும்பு

ரெசொல்யூட் மத்திய நேர வலயத்தில் இருக்கிறது, கிரீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேர வலயத்தில். ஒரு மணி நேர வித்தியாசம். விமான நேர அட்டவணையில் எப்போதும் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். உதாரணத்துக்கு, காலை 10:00-க்கு ரெசொல்யூட்டில் கிளம்பி 1 மணி 35 நிமிடம் பயணம் செய்தால் கிரீஸ் ஃபியோர்டில் இறங்கும்போது அங்கே 12:35. அதே விமானம் மதியம் 1:15-க்குத் திரும்பினால் ரெசொல்யூட்டில் 1:50-க்கு வந்து நிற்கும். அட்டவணையைக் கழித்துப் பார்த்தால் போக 2 மணி 35 நிமிடம், வர வெறும் 35 நிமிடம். அதிகத்தையும் குறைவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை நேரம் வந்துவிடும். திரும்பி வரும் அட்டவணையை மட்டும் பார்த்து வேகத்தைக் கணக்கிட்டால் விமானம் மணிக்கு 650 கிலோமீட்டரில் பறப்பதாகத் தோன்றும்.

நேர்க்கோட்டில் விமானம் உண்டா

ரெசொல்யூட், கிரீஸ் ஃபியோர்ட், ஆர்க்டிக் பே மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஏறத்தாழச் சமபக்க முக்கோணம் கிடைக்கும். பக்கங்கள் 207, 208, 195 கடல் மைல். கிரீஸ் ஃபியோர்டிலிருந்து பார்த்தால் ஆர்க்டிக் பே கிட்டத்தட்ட நேர் தெற்கே, 385 கிலோமீட்டர். ட்வின் ஆட்டர் தாராளமாகப் பறக்கக்கூடிய தூரம். ஆனால் வழக்கமான சேவை அந்தப் பக்கத்தில் ஓடுவதில்லை. பயணி முதலில் ரெசொல்யூட் போய், அங்கிருந்து வேறு நிறுவனத்தின் பெரிய டர்போப்ராப்பில் ஆர்க்டிக் பே போக வேண்டும். மொத்தம் 402 கடல் மைல், 745 கிலோமீட்டர். தூரம் இரட்டிப்பாவது சின்ன விஷயம். இரண்டு நிறுவனமும் வாரத்தில் சில நாட்களே பறக்கின்றன, அந்த நாட்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மூன்று மணிக்கும் குறைந்த பறக்கும் நேரத்துக்கு நடுவே ரெசொல்யூட்டில் ஓரிரவோ, மூன்று இரவோ.

அதனால் வடக்குப் பயணத்தைத் திட்டமிடுவோர் தூரத்தைக் கடைசியில் பார்ப்பார்கள். முதலில் எந்தெந்தக் கிழமைகளில் விமானம் என்று பார்ப்பார்கள், பிறகு அதற்கடுத்த விமானம் எந்தக் கிழமை என்று. முதல் விமானம் வானிலையால் ரத்தானால் தொடர் விமானம் காத்திருக்காது, இரண்டும் வெவ்வேறு நிறுவனச் சீட்டு என்றால் பணமும் போகும். மருந்து இரண்டு நாளைக்குக் கூடுதலாக கைப்பையில் இருக்கட்டும். பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம் என்பதால் பூட்ஸும் தடித்த மேலங்கியும் உடம்பிலேயே இருக்கட்டும். தெற்கே இக்காலுயிட்டிலோ ஒட்டாவாவிலோ பிடிக்க வேண்டிய விமானம் இருந்தால் அதற்கும் கிரீஸ் ஃபியோர்டை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு சேவை நாளையாவது காலியாக விடுங்கள்.